கோழித் தீவன மூட்டையில் எழுதியிருந்ததும் எழுதாமல் விட்டதும்

போன ஐப்பசி அடைமழையில், பதினோரு நாட்களுக்குள் எங்கள் வீட்டுக் கோழிகளில் 6 செத்துப்போயின. மொத்தம் இருந்ததே 14தான்.

கோவைக்கு வெளியே சின்ன இடத்தில் வீடு. பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, மிச்சமெல்லாம் மண். ஊரடங்குக் காலத்தில் அம்மா கிராமத்திலிருந்து வந்தபோது கூடவே நாலு பெட்டையும் ஒரு சேவலும் வந்தன. அப்படித்தான் ஆரம்பித்தது. பகலெல்லாம் லேப்டாப்பில் பக் துரத்துகிறவனுக்குச் சாயங்காலம் கொடாப்பைத் திறந்து மூடுவது ஒரு ஆறுதல். முட்டை, அதற்குப் பிறகு வருகிற லாபம்.

முதல் இரண்டு கோழிகள் போனதும் பக்கத்து வீட்டு அண்ணன் "வெள்ளைக் கழிச்சலுங்க" என்றார். நான் தடுப்பு மருந்தெல்லாம் முறையாகக் கொடுத்திருந்தேன். மூன்றாவதை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் அறுத்துப் பார்த்தார். கல்லீரல் வெளுத்து மஞ்சளாக இருந்தது, விரலால் தொட்டால் உதிர்கிற மாதிரி.

"என்ன தீவனம் போடறீங்க?"

"ஆர்கானிக் தீவனம் டாக்டர். நான்-ஜிஎம்ஓ."

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதைக் கேக்கலைங்க சார். மூட்டை வாங்கி எத்தனை நாளாச்சு, எங்க வெச்சிருக்கீங்க, பூசணம் புடிச்சிருக்குதானு கேக்கறேன்."

அவர் கேட்ட கேள்வி ஒன்று, நான் சொன்ன பதில் வேறொன்று. ஏன் அப்படி ஒரு பதில் என் வாயில் தயாராக இருந்தது என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. "ஆர்கானிக், நான்-ஜிஎம்ஓ" என்கிற சொற்றொடரை ஒரு நூலை விமர்சிப்பது போல வரிக்கு வரி எடுத்துப் பார்க்கப் போகிறேன். மூட்டையை விற்றவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தீவனம் அவர்கள் கிடங்கில் கெட்டதா, என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கெட்டதா என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பாதித் தவறாவது என்னுடையதுதான்.

நான்-ஜிஎம்ஓ: இது யாருடைய கேள்வி?

முதலில் பின்பாதியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் சுலபம்.

கோழித் தீவனத்தின் முதுகெலும்பு இரண்டு பொருள்கள். சக்திக்கு மக்காச்சோளம், புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கு. உலகம் பூராவும் பெரும்பாலும் இதே கதைதான். அமெரிக்காவில் விளைகிற மக்காச்சோளத்திலும் சோயாவிலும் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றப்பட்டவை. அங்கே ஒருவர் கடைக்குப் போய் எந்தக் கோழித் தீவன மூட்டையை எடுத்தாலும், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உள்ளே இருப்பது மரபணு மாற்றப்பட்ட தானியம் என்றே வைத்துக்கொள்ளலாம். எனவே கொல்லையில் கோழி வளர்க்கிற அமெரிக்கர் "நான்-ஜிஎம்ஓ இருக்கா?" என்று கேட்பது பொருளுள்ள கேள்வி. பதிலைப் பொறுத்து மூட்டைக்குள் இருக்கிற பொருளே மாறுகிறது.

இங்கே? இந்தியாவில் வணிகரீதியாகப் பயிரிட அனுமதி பெற்று வயலுக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்று: பி.டி. பருத்தி, 2002-ல் வந்தது. பி.டி. கத்தரிக்காய் 2010-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022-ல் ஒரு கட்ட அனுமதி கிடைத்தது, அது நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. மக்காச்சோளத்துக்கோ சோயாவுக்கோ இங்கே அனுமதி கிடையாது. பெரம்பலூரில் விளைகிற மக்காச்சோளமும் மத்தியப் பிரதேசத்தில் விளைகிற சோயாவும் சட்டப்படி நான்-ஜிஎம்ஓதான். அதற்கென்று தனியாக யாரும் எந்த முயற்சியும் எடுக்கவில்லை, எடுக்கவும் வேண்டியதில்லை. உள்ளூர்த் தானியத்தை அரைத்து மூட்டையில் போட்டு "நான்-ஜிஎம்ஓ" என்று எழுதுவது, வாழைப்பழத்தில் "கொழுப்பு சேர்க்கப்படவில்லை" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி. பொய் இல்லை. ஆனால் அதற்கு ஏன் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தேன்?

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறி, கோழிப் பண்ணைக்காரர்கள் அரசிடம் முறையிட்டார்கள். அந்த ஆகஸ்டில் மரபணு மாற்றப்பட்ட சோயாவின் எண்ணெய் நீக்கிய புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தார்கள். அரைத்து எண்ணெய் எடுத்த பிறகு அதில் முளைக்கக்கூடிய உயிர் எதுவும் இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதுபோன்ற சமயத்தில் சோயாப் புண்ணாக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. இனிமேலும் வரலாம். மக்காச்சோளம் பெருமளவில் எத்தனாலுக்குப் போக ஆரம்பித்ததும் தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்து, மரபணு மாற்று மக்காச்சோளத்தை இறக்குமதி செய்ய விடுங்கள் என்று கோழித் தொழில்துறை கேட்டுக்கொண்டிருக்கிறது. அது நடந்தால் இன்று வெறும் அலங்காரமாக இருக்கிற இந்த லேபிள் நாளைக்கு உண்மையான தகவலாகிவிடும். ஆக லேபிளின் அர்த்தம் மூட்டைக்குள் மட்டும் இல்லை, நாட்டின் அந்த வருஷத்து இறக்குமதிக் கொள்கையிலும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. நம் ஊரில் மரபணு மாற்றுப் பொருள் கால்நடைத் தீவனத்தில் நிஜமாகவே இருக்கிற இடம் ஒன்று உண்டு. பருத்திக்கொட்டை. நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்திதான். அந்தக் கொட்டையும் புண்ணாக்கும் போவது பெரும்பாலும் மாட்டுக்கு. கோழிக்கு அதை அதிகம் போடுவதில்லை. அதிலிருக்கிற காசிப்பால் என்கிற பொருள் கோழிக்கு ஆகாது, முட்டை மஞ்சள்கருவின் நிறத்தைக்கூட மாற்றிவிடும். நான் நான்-ஜிஎம்ஓ முட்டைக்கு ஆம்லெட் போட்டுவிட்டு, பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் பாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மதுரைக்குப் போனால் பருத்திப்பாலும் குடிப்பேன். என் கொள்கை எவ்வளவு தூரம் யோசித்து எடுத்தது என்பதற்கு இதைவிட நல்ல டெஸ்ட் கேஸ் கிடையாது.

சரி, மரபணு மாற்றுத் தீவனம் தின்றால் கோழிக்கோ முட்டைக்கோ ஏதாவது ஆகுமா? டி.என்.ஏ. எந்தத் தானியத்திலும் இருக்கிறது. கோழியின் அரைவைப்பையும் குடலும் அதை மற்ற உணவு மாதிரியே உடைத்துவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆலிசன் வான் ஈனென்னாம், 2014-ல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று உண்டு. மரபணு மாற்றுத் தீவனம் 1996-ல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னும் பின்னும் என 10,000 கோடிக்கும் அதிகமான அமெரிக்கப் பண்ணை விலங்குகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியத்திலோ உற்பத்தியிலோ தீவனத்தால் வந்த கெடுதல் எதுவும் தெரியவில்லை. அவர் மரபணுத் தொழில்நுட்பத்துக்கு ஆதரவானவர் என்று சொல்பவர்கள் உண்டு, சொல்லட்டும். ஆனால் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒரு பெரிய பாதிப்பு ஒளிந்திருப்பது கஷ்டம்.

விதை யார் கையில் இருக்கிறது, களைக்கொல்லி எவ்வளவு தெளிக்கப்படுகிறது, விவசாயி ஒவ்வொரு வருஷமும் விதைக்குக் கடைக்குப் போக வேண்டுமா என்பதற்காக ஒருவர் மரபணு மாற்றுப் பயிரை எதிர்த்தால் அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அது அரசியல், பொருளாதாரம். அந்த வாதத்தைக் கோழியின் வயிற்று வழியாகச் சொல்ல வேண்டாம் என்பதுதான் என் மறுப்பு.

ஆர்கானிக்: இதற்கு ஆதாரம் என்ன?

முன்பாதி இவ்வளவு லேசானது இல்லை. ஆர்கானிக் என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையான விதிகள் இருக்கின்றன. இந்தியாவில் 2001-லிருந்து என்.பி.ஓ.பி. என்கிற தேசியத் திட்டம் இருக்கிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கிற பி.ஜி.எஸ். முறையும் இருக்கிறது. இரசாயன உரமோ செயற்கைப் பூச்சிக்கொல்லியோ கிடையாது, மரபணு மாற்று விதையும் கிடையாது. கவனியுங்கள், ஆர்கானிக் என்றாலே நான்-ஜிஎம்ஓ அதற்குள் அடக்கம். இரண்டையும் சேர்த்து எழுதுவது ஹோட்டல் போர்டில் "சுத்த சைவம், மட்டன் சேர்ப்பதில்லை" என்று எழுதுகிற மாதிரி. ஆனால் தலைகீழாகச் சொன்னால் சரி வராது. நான்-ஜிஎம்ஓ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தானியத்துக்கு எத்தனை முறை மருந்தடித்தார்கள் என்று ஒன்றும் தெரியாது.

என் மூட்டையில் சான்றளித்த அமைப்பின் பெயரோ பதிவு எண்ணோ இல்லை. பச்சை இலைப் படமும் "100% இயற்கை" என்ற வரியும் இருந்தன. கோழிகள் செத்த பிறகுதான் இதைக் கவனித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். போன் செய்து கேட்டேன். "எங்க விவசாயிங்க எல்லாம் இயற்கை விவசாயம்தான் சார், நம்பி வாங்கலாம்" என்றார்கள், மரியாதையாகத்தான். இருக்கலாம். ஆனால் நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை சான்றிதழுக்குக் கொடுக்க வேண்டிய விலை.

2018-ல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தது. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகள் பட்ட பாடு விவசாயிகளுக்குத் தெரியும். அதன் பிறகு மருந்தில்லாமல் மக்காச்சோளம் எடுப்பது சாதாரண வேலை இல்லை. குருத்துக்குள் மணல் போடுவது, முட்டைக் குவியலைக் கையால் நசுக்குவது, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் என்று ஆள் உழைப்பு கூடுகிறது. அதை நிஜமாகச் செய்கிற விவசாயிக்குக் கூடுதல் விலை நியாயமாகப் போய்ச் சேர வேண்டும். சாதாரண மூட்டையைவிடக் கிலோவுக்குப் பத்து ரூபாய் மட்டும் அதிகமாக, எந்தச் சான்றும் இல்லாமல், வருஷம் பூராவும் ஆர்கானிக் மக்காச்சோளத் தீவனம் கிடைக்கிறது என்றால் எனக்கு முதலிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூட்டையில் எழுதாமல் விட்டது: புரதமும் சுண்ணாம்பும்

அந்த மூட்டையின் பொருள் பட்டியலில் மக்காச்சோளம், கம்பு, தவிடு, மஞ்சள், வேப்பிலை, துளசி இருந்தன. படிக்கும்போதே மனசு நிறைகிற பட்டியல். புரதம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று எண் எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதம் வாக்கில், தவிட்டில் 12 வாக்கில். 80 பங்கு மக்காச்சோளமும் 20 பங்கு தவிடும் என்றால் 7.2 + 2.4 = 9.6 சதவீதம். கம்பு கொஞ்சம் தூக்கிவிடும், எப்படிப் பார்த்தாலும் 10-ஐ ஒட்டித்தான். முட்டையிடும் கோழித் தீவனத்துக்குச் சொல்லப்படுவது 16 முதல் 18 சதவீதம். குஞ்சுகளுக்கு 20.

கால்சியம் இன்னும் மோசம். ஒரு முட்டை ஓட்டில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் மக்காச்சோளத்தில் இருக்கிற கால்சியம் 0.03 கிராமைத் தாண்டாது. மிச்சம் எங்கிருந்து வரும்? கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். என் கோழிகள் போன கோடையிலேயே தோல்முட்டை போட ஆரம்பித்திருந்தன. "வெயில் சூடு" என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். தயாரிப்பில் வார்னிங் வருகிறது, லாகைப் படிக்காமல் மூடி வைக்கிற ஜூனியர் இன்ஜினியர் மாதிரி.

அசோலா போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். உலர்ந்த அசோலாவில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் தொட்டியிலிருந்து அள்ளுகிற பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிராம் பச்சை அசோலா என்றால் உலர் எடை 6, 7 கிராம், அதில் புரதம் ஒன்றரை கிராம். கீரை மாதிரி கொடுக்கலாம், நல்லது. சோயாவுக்கு மாற்று என்று எண்ணினால் கோழி ஏமாறும்.

புரதத்திலும் மெத்தியோனைன் என்கிற ஒரு அமினோ அமிலம்தான் கோழித் தீவனத்தில் முதலில் குறைகிறது. குறைந்தால் இறகு சரியாக வளராது, ஒன்றையொன்று கொத்தும். அமெரிக்காவின் ஆர்கானிக் விதிகள் ரொம்பக் கறாரானவை. இரண்டாவது நாளிலிருந்தே குஞ்சுக்கு ஆர்கானிக் தீவனம்தான் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட விதியே செயற்கை மெத்தியோனைனை மட்டும் அளவு வைத்து அனுமதிக்கிறது. கோழி பட்டினி கிடப்பதைவிட இது தேவலை என்று ஒத்துக்கொண்ட விதி. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. "செயற்கை எதுவும் இல்லை" என்று மூட்டையில் பெருமையாக எழுதினால், அந்த இடத்தை எதை வைத்து நிரப்பினீர்கள் என்று சேர்த்து எழுத வேண்டும். எள்ளுப் புண்ணாக்கா, கருவாட்டுத் தூளா, என்ன?

எங்கள் ஊரில் பழைய ஆட்கள் இதற்கு வைத்திருந்த விடை கரையான். மண்பானையில் சாணி, கந்தல் சாக்கு, காய்ந்த குச்சி போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்று ஓரம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் பானை நிறையக் கரையான். குஞ்சுகளுக்கு அதைத் தட்டிவிடுவார்கள். மெத்தியோனைன் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது, புழு பூச்சி தின்கிற குஞ்சு சீக்கிரம் தேறும் என்று தெரியும். ஆனால் வருஷத்துக்கு 60, 70 முட்டை போடுகிற ஊர்க்கோழி, நாலு ஏக்கர் காட்டில் மேய்ந்துவிட்டு வரும். நாம் சுவருக்குள் அடைத்து வைத்து முட்டையும் அதிகம் எதிர்பார்த்தால் கரையான் பானை மட்டும் போதாது.

அந்த ஆறு கோழிகள்

இப்போது மருத்துவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மூட்டை வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆஃபர் என்று 50 கிலோ மூட்டை மூன்றாக வாங்கி மாடிப்படிக்கு அடியில் தரையோடு அடுக்கியிருந்தேன். மழையில் அந்தச் சுவர் ஓதம் அடிக்கும். மூன்றாவது மூட்டையைப் பிரித்த அன்றைக்கு அம்மா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "கண்ணு, இது பூசணம் புடிச்சதாட்ட இருக்குது. இதப் போடாத" என்றார்.

"அம்மா, இது ஆர்கானிக். மருந்து கலக்காததால அப்பிடித்தான் வாசம் இருக்கும்."

நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். லேபிளை வைத்து அம்மாவின் மூக்கை மறுத்தேன்.

மீதித் தீவனத்தில் கொஞ்சம் எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். அஃப்ளாடாக்சின் பி1. கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்பது ஐரோப்பிய ஒன்றியம் தீவனப் பொருள்களுக்கு வைத்திருக்கிற உச்சவரம்பு. என் மாதிரியில் அதற்குப் பல மடங்கு மேல்.

அஃப்ளாடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டதே கோழி இனத்தால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. "வான்கோழி எக்ஸ் நோய்" என்றே பேர் வைத்தார்கள். தேடிப்போனால், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்கிற பூஞ்சை, அது சுரந்த நஞ்சு. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் அஃப்ளாடாக்சின். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறப் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற மனிதர்களே நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டுச் செத்தார்கள். அந்த மக்காச்சோளத்துக்கும் மரபணு மாற்றத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தத் தொழில்நுட்பமே அப்போது வயலுக்கு வந்திருக்கவில்லை.

ஆர்கானிக் தானியத்தில்தான் பூஞ்சை அதிகம் என்று நான் சொல்லவில்லை. பூஞ்சைக்கு லேபிள் படிக்கத் தெரியாது. ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டி, சூடும் சேர்ந்தால் எந்தத் தானியத்திலும் வளரும். புழு துளைத்த மணியில் சுலபமாக நுழையும். இதில் ஒரு சங்கடமான உண்மையும் உண்டு: பி.டி. மக்காச்சோளத்தில் புழுத் துளை குறைவு என்பதால் ஃபியூமோனிசின் என்கிற இன்னொரு பூஞ்சை நஞ்சு குறைவாக இருப்பதை 1990-களிலிருந்தே ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அது, நான் பயந்திருக்க வேண்டிய ஒன்றைக் குறைக்கிறது. இதை வைத்து மரபணு மாற்றத்துக்குக் கொடி பிடிக்க நான் வரவில்லை. அபாயங்களை அளந்து வரிசைப்படுத்தாமல், பேர் கேட்டுப் பயந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு முறை நஞ்சு உண்டாகிவிட்டால் வெயிலில் காயப்போட்டாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாமலும் நஞ்சு இருக்கலாம். அதனால் அம்மாவின் மூக்கையும் நான் தெய்வமாக்கப் போவதில்லை. அந்த மூக்கு "போடாதே" என்று சொன்னால் கேட்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிடக் கூடாது.

முட்டை சாப்பிட்டோமே, எங்களுக்கு என்ன என்ற பயம் வந்தது. பொண்ணுக்கு ஒன்பது வயசு, தினமும் ஒரு முட்டை அவளுக்குத்தான். தீவனத்திலிருந்து முட்டைக்கு இறங்குகிற அளவு, பாலுக்கு இறங்குவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு என்று படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்வதற்கு முந்தின இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

அப்படியானால் என்ன பார்த்து வாங்குவது?

"ஆர்கானிக்கே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நண்பர் ஒருவர் இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்துவிட்டுக் கேட்டார். இல்லை. நிலத்துக்காகவும் விவசாயிக்காகவும் ஆர்கானிக் வாங்குங்கள், சான்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கோழிக்காக வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நான் இப்போது கேட்கிற வரிசை இது.

எப்போது அரைத்தது? அரைத்த தீவனத்தில் கொழுப்பு காறும், வைட்டமின் குறையும். ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவுதான் வாங்குகிறேன், மழைக்காலத்தில் அதிலும் பாதி.

ஈரம் எவ்வளவு, அஃப்ளாடாக்சின் பார்த்தார்களா? சின்னக் கடைக்காரரிடம் ரிப்போர்ட் இருக்காது. கேட்டால் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எத்தனால் ஆலையிலிருந்து வருகிற மக்காச்சோளச் சக்கை கலந்த தீவனமாக இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். மாவுச்சத்து போனபின் மிஞ்சுகிற சக்கையில், தானியத்தில் இருந்த பூஞ்சை நஞ்சு மூன்று மடங்கு வாக்கில் செறிந்துவிடும்.

புரதம், கால்சியம் எண்கள் இருக்கிறதா, எந்த வயசுக் கோழிக்கு? முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டால் அதிகக் கால்சியத்தால் சிறுநீரகம் கெடும்.

ஆண்டிபயாட்டிக் கலந்திருக்கிறதா? என்னைக் கேட்டால் நான்-ஜிஎம்ஓ என்று எழுதுகிற இடத்தில் இதைத்தான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மனிதர்களுக்குக் கடைசிக்கட்ட மருந்தாக வைத்திருக்கிற கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலப்பதை 2019-ல்தான் நம் நாட்டில் தடை செய்தார்கள். அதுவரை கலந்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

இவற்றுக்குப் பிறகுதான் ஆர்கானிக்கா என்கிற கேள்வி. சோயா இறக்குமதியாகிற வருஷமாக இருந்தால், அதற்கும் பிறகு நான்-ஜிஎம்ஓ.

இப்போது நானே கலக்கிறேன். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 55, சோயாப் புண்ணாக்கு 25, தவிடு 10, கிளிஞ்சல் தூள் 8, தாது உப்புக் கலவை 2. புரதம் 17 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். என் கோழிக் கூட்டத்துக்கு ஒரு தடவைக்கு 20 கிலோதான் கலப்பேன். தனியாக ஒரு சட்டியில் கிளிஞ்சல், வேண்டியது வேண்டியதைக் கொத்திக்கொள்ளும். மக்காச்சோளம் தெரிந்த ஒரு விவசாயியிடமிருந்து வருகிறது. அவர் ஆர்கானிக் இல்லை, எத்தனை முறை மருந்தடித்தார் என்று கேட்டால் சொல்லிவிடுவார். பலகை மேல், சுவரைத் தொடாமல், மூடி போட்ட டிரம்மில் இருக்கிறது. தோல்முட்டை நின்றுவிட்டது.

மிச்சமிருந்த 8 கோழிகளில் இரண்டு அடை உட்கார்ந்து, இப்போது குஞ்சும் பெட்டையுமாக 19 உருப்படி. டிரம்மைத் திறக்கும்போதெல்லாம் அம்மாவைக் கூப்பிடுகிறேன். ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பார். போன வாரம், "இது ஆர்கானிக்காடா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவால்ல, நல்லா காஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்ததை அப்படியே முற்றத்தில் இறைத்தார்.